வாசலில் எண்ணு, கரையில் மற

மார்கழியில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்குப் போகிறவர்கள் ஐந்தரை மணிக்கே தெருவுக்கு வந்துவிட வேண்டும். ஆறரைக்கு வந்தால் முடிந்த கோலம்தான் கிடைக்கும். முடிந்த கோலத்தைப் பார்த்துக் கோலம் கற்றுக்கொள்வது, இலையில் விழுந்த சாம்பாரைப் பார்த்துச் சமையல் கற்றுக்கொள்வது மாதிரி.

கடலுக்குப் போகும் தெரு ஒன்றில் அப்படி ஒரு நாள் நின்றேன். சாணம் கரைத்துத் தெளித்த வாசலில் ஈரம் இன்னும் கறுப்பாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, பிளாஸ்டிக் டப்பாவில் கோலமாவோடு குனிந்து நடுவரிசையில் ஏழு புள்ளி வைத்தார். அதற்கு மேலே, இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஒன்றாக, ஆறு. பிறகு ஐந்து, பிறகு நாலு. கீழேயும் அப்படியே. அளவுகோல் இல்லை, நூல் இல்லை. ஆனாலும் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி பிசகவில்லை.

“எத்தனை புள்ளின்னு எப்படிம்மா முடிவு பண்றீங்க?”

“வாசலப் பாத்தாத் தெரியாதா தம்பி? வாசலுக்குத் தக்கன புள்ளி. எண்ணி வெச்சிட்டா, அப்புறம் கோடு தானாப் போவும்.”

ஓவியக் கல்லூரிகளில் முதலாண்டில் ‘இருபரிமாண வடிவமைப்பு’ என்றொரு பாடம் உண்டு. தட்டையான பரப்பு ஒன்றை எப்படிப் பிரிப்பது, எதை எங்கே வைத்தால் கண் எங்கே போகும் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பாடம் இன்றைய வடிவில் உருவானது ஜெர்மனியில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில். அங்கே ஆசிரியராக இருந்த ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி, புள்ளியில் தொடங்கிக் கோட்டுக்கும், கோட்டிலிருந்து தளத்துக்கும் போகும் ஒரு பாடநூலை 1926-ல் வெளியிட்டார். அதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன்பே, 1922 டிசம்பரில், பௌஹவுஸ் ஓவியங்கள் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து காட்சிக்கு வைக்கப்பட்டன. கப்பல் சென்னையைத் தாண்டிப் போய்விட்டது. நம் தெருக்களை யாராவது காட்டியிருந்தால் கண்டின்ஸ்கியின் முதல் இரண்டு அத்தியாயங்கள் அங்கே விடிவதற்குள் எழுதி முடிக்கப்படுவதைப் பார்த்திருப்பார்கள்.

புள்ளியிலிருந்தே தொடங்குவோம். மார்கழிக் கோலப் புத்தகங்களில் ‘7 புள்ளி, 4-ல் நிறுத்தவும், இடைப்புள்ளி’ என்று ஒற்றை வரியில் ஒரு குறிப்பு இருக்கும். இதைவிடச் சுருக்கமான வடிவமைப்பு ஆணையை நான் எங்கும் பார்த்ததில்லை. நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4. கூட்டினால் 37. இதே மாதிரி 5 புள்ளி 3-ல் நிறுத்தினால் 19. 9 புள்ளி 5-ல் நிறுத்தினால் 61. 7, 19, 37, 61 என்று போகும் இந்த வரிசையில் வித்தியாசம் 12, 18, 24 என்று ஆறு ஆறாகக் கூடும். காரணம் எளிது: இடைப்புள்ளி வைத்தால் வருவது அறுகோணம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளி, தேனடை அறைகளைப் போல. வெளியே ஒரு சுற்று கூட்டினால், முந்தைய சுற்றைவிட அதில் ஆறு புள்ளி அதிகம்.

நேர்ப்புள்ளி வைத்தால், அதாவது புள்ளிக்கு நேரே புள்ளி வைத்தால், கதை மாறும். 7 புள்ளி, 1-ல் நிறுத்தவும் என்றால் நடுவில் 7, இரு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25. சாய்த்துவைத்த சதுரம். தலையைச் சாய்த்துப் பாருங்கள்: நாலுக்கு நாலு சதுரம் ஒன்றின் புள்ளிகளுக்கு நடுவே மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்று செருகிக் கிடக்கும். 16-ம் 9-ம் 25. ஆறு இதழ்ப் பூவும் நட்சத்திரமும் இடைப்புள்ளியில் சுலபமாக வரும். நாலு மூலைத் தேரும் சதுர வாசலும் நேர்ப்புள்ளியில் வரும். எந்தக் கோலம் வரும் என்பதை, முதல் கோடு விழுவதற்கு முன்பே புள்ளி முடிவு செய்துவிடுகிறது. அந்த அம்மா சொன்னது அதைத்தான்.

இத்தனை புள்ளிகளையும் கண் ஏன் ‘வரிசை’யாகப் பார்க்கிறது? தரையில் இருப்பது 37 தனித்தனிப் பொட்டுகள். வரிசை என்று ஒன்று தரையில் இல்லை. 1923-ல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரை ஒன்று கிட்டத்தட்ட முழுக்கப் புள்ளிப் படங்களாலேயே ஆனது. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாகக் கட்டும், ஒரே போக்கில் போவதை ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும் என்று அதில் காட்டினார். கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் சிக்குக் கோலத்தில் இரண்டு கம்பிகள், அதாவது கோடுகள், குறுக்கே வெட்டும் இடத்தில் நம் கண் தடுமாறாமல் நேரே போவது இந்த இரண்டாவது பழக்கத்தால். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாவிட்டால் சிக்குக் கோலம் வெறும் வலைக்கிழிசல்.

இனி கோடு. கடைகளில் ‘கோடு’ என்றதும் ஸ்கேலை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் இந்தச் சொல்லே வளைவுக்குச் சொந்தக்காரன். கோடுதல் என்றால் வளைதல். யானைத் தந்தம் கோடு, மாட்டுக் கொம்பு கோடு, நீதி வழுவாத அரசனின் கோல் ‘கோடாத’ கோல். நேர்கோடு என்று தனியாக அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டியிருப்பதும் அதனால்தான் போலும்.

மாவுக் கோட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. பேனாக் கோட்டில் அது கிடையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நொடிக்கு இவ்வளவு என்று மாவு விழுகிறது. கை வேகமாகப் போனால் அதே மாவு நீண்ட தூரத்துக்குப் பரவும், கோடு மெலியும். கை தயங்கினால் மாவு ஒரே இடத்தில் குவியும், கோடு தடிக்கும். ஆக, கோட்டின் தடிமன் என்பது கையின் வேகம் தரையில் எழுதிவைத்த பதிவு. புதிதாகக் கோலம் போடும் சிறுமியின் கோட்டைப் பார்த்தால், அவள் எங்கெங்கே யோசித்தாள் என்று முடிச்சு முடிச்சாகச் சொல்லிவிடலாம். பென்சில் பிடிக்கப் பழகுகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்: ஒரு பிடி கோலமாவு வாங்கி மொட்டை மாடியில் பத்துக் கோடு போடுங்கள். உங்கள் தயக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துபோகும்.

வளைவில் கை தயங்குவது பழகாதவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1983-ல் லக்வானிட்டி, டெர்சுவோலோ, விவியானி என்ற மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள் மனிதர் கிறுக்கும்போதும் வரையும்போதும் கையின் வேகத்தை அளந்தார்கள். வளைவு இறுகினால் கை தானாக மெதுவாகிறது. அதுவும் ஏனோதானோவென்று அல்ல, ஒரு கணக்கோடு. வளைவின் ஆரம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும். அப்படியானால் சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் கோடு தடித்திருக்க வேண்டுமே? தேர்ந்த கையில் அப்படி இருப்பதில்லை. அந்த அம்மாவின் விரலை உற்றுப் பார்த்தேன். வளைவு வரும்போது இரண்டு விரலும் லேசாக நெருங்கின. நேராகப் போகையில் தளர்ந்தன. மாவின் குழாயை விரல் திருகிக்கொண்டே போகிறது. கேட்டால் ‘அப்படியா பண்றேன்?’ என்றார்.

சிக்குக் கோலத்துக்குள் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நாலுக்கு மூன்று நேர்ப்புள்ளி வையுங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு நாலு. இப்போது ஏதாவது இரண்டு அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நட்டநடுவில் தொடங்கி, சாய்வாக, 45 பாகையில், கோட்டை ஓட்டுங்கள். ஓரத்துக்கு வந்ததும் கேரம் போர்டில் காய் மோதித் திரும்புவது மாதிரி வளைத்துத் திருப்புங்கள். மறுபடி சாய்வாகவே போங்கள். கையை எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றிவிட்டு, 17 இடங்களில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேரும். ஒரே கம்பி.

அதே வேலையை மூன்றுக்கு மூன்றில் செய்யுங்கள். சீக்கிரமே கோடு மூடிக்கொள்ளும்; புள்ளி பாக்கி இருக்கும். இன்னொரு கோடு, அதற்கப்புறம் இன்னொன்று. மூலைக்கு மூலை நீளும் வளையம் இரண்டு, நடுவில் வைரம் போல ஒன்று, ஆக மூன்று கம்பி. ஆறுக்கு நாலில் இரண்டு கம்பி வரும். ஆறுக்கு மூன்றில் மூன்று. பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தோமே, அதேதான். வரிசை எண்ணிக்கையையும் ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை கம்பி. மொசாம்பிக்கில் கணிதப் பேராசிரியராக இருந்த பௌலஸ் கெர்டெஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து விரலால் போடும் கோலங்களையும் நம் கோலங்களையும் அருகருகே வைத்து இந்த மாதிரிக் கோடுகளை விரிவாக ஆராய்ந்தார். அந்த இரண்டு மண்ணுக்கும் நடுவே ஒரு சமுத்திரமே கிடக்கிறது.

சரி, மூன்றுக்கு மூன்றை ஒரே கம்பியாக்க வேண்டுமென்றால்? இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டும் இடம் ஒன்றைத் தேடி, அங்கே வெட்டாமல் இரண்டையும் முதுகோடு முதுகாக வளைத்து அனுப்பினால் போதும். இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும். எந்த வெட்டில் செய்தாலும் ஆகும், எந்தப் பக்கம் வளைத்தாலும் ஆகும். இரு கம்பிகளும் வெவ்வேறாக இருந்தால் மட்டும் போதும். மூன்று கம்பியை ஒன்றாக்க இரண்டே இடம். ஆனால் சமச்சீர் கெடாமல் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால்தான் சிக்கு. ஓர் அரை நாளை இதற்குத் தாராளமாக ஒதுக்கலாம்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் தாம்பரம். 1937-ல் நகரத்திலிருந்து அங்கே குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்தான் கோலம் முதன்முதலாகக் கணினி அறிவியலுக்குள் நுழைந்தது. புள்ளியியல் துறைப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியாரும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐஐடி பேராசிரியரான கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கென்றே இருந்த ஒரு பன்னாட்டு இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘கோலம்’ இருந்தது. நம் ஊரில் பெரும்பாலோர் கணினித் திரையைக் கண்ணாலேயே பார்த்திராத காலம் அது.

அவர்கள் பார்த்த விஷயம் இதுதான். சில விதிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்குவது மொழியின் இலக்கணம். இந்த எண்ணத்தை 1950-களில் மொழியியலாளர் சாம்ஸ்கி கணிதமாக்கினார். வாக்கியம் ஒற்றை வரிசையில் ஓடுவது. கோலமோ குறுக்கும் நெடுக்குமாகப் பரவுவது. அப்படியானால் தளத்தில் பரவும் படத்துக்கு ஓர் இலக்கணம் எழுத முடியுமா? முடியும் என்பதற்குக் கோலம் சாட்சி. ஐந்து புள்ளியில் ஒரு கோலம் போடத் தெரிந்தவருக்கு அதையே ஒன்பதிலும் பதினைந்திலும் வளர்க்கத் தெரிகிறது. பதினைந்து புள்ளிக் கோலத்தை அவர் பார்த்திருக்கவே வேண்டாம். அவர் மனதில் இருப்பது படமாக இருந்தால் இது நடக்காது. விதியாக இருந்தால்தான் நடக்கும். பின்னாளில் சிரோமணி தம்பதியர் கோலம் போடும் கையின் அசைவுகளையே எடுத்துக்கொண்டு, நேரே போ, வலம் வளை, இடம் வளை, சுற்றித் திரும்பு என்று அவற்றுக்குக் குறியீடு கொடுத்து, கம்பிக் கோலத்தை ஒரு குறியீட்டுச் சரமாக எழுதிக் காட்டினார்கள். செடிகளின் வளர்ச்சியை விளக்க 1968-ல் உயிரியலாளர் லிண்டன்மேயர் உண்டாக்கிய விதிமுறை ஒன்று உண்டு. கணினியில் மரமும் பூவும் வரைய இன்றும் அது பயன்படுகிறது. அதே விதிமுறையில் கோலமும் முளைக்கும்.

கிஃப்ட் சிரோமணி 1988-ல் காலமானார். கல்வெட்டு எழுத்துகள், மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடை அணிகள், அவற்றின் உடல் அளவுகள் என்று கையில் அளவுகோலோடு திரிந்த மனிதர். ராணி சிரோமணி 2019 வரை இருந்தார். கோவளத்துக்குப் பக்கத்திலேயே சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது.

விதி கையில்தான் இருக்கிறது என்பதை நானும் சோதித்துப் பார்த்தேன், கொஞ்சம் முரட்டுத்தனமாக. கோலம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச்சுக் கொடுத்தேன். அந்த அம்மா நின்றார், பதில் சொன்னார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. “இரு தம்பி” என்று மாவில்லாத விரலைக் காற்றில் முதல் வளைவிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, விட்ட இடம் வந்ததும் தரையைத் தொட்டார். பாட்டை நடுவிலிருந்து பாடச் சொன்னால் நாம் பல்லவிக்குப் போய் வருகிறோமே, அது போல.

இவ்வளவும் வாசலில். அதே தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் கடல். அங்கே போய் ஒரு படகை வரையச் சொன்னால், வாசலில் கைகொடுத்த அதே அறிவு காலை வாரும்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ‘இயற்கைக் காட்சி’ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, குடிசை, ஒரு தென்னை, M எழுத்தாக நாலு பறவை. சூரியன் கடலிலிருந்து கிளம்புவதை அன்றாடம் பார்க்கும் கரையோரத்துப் பிள்ளையும் அதை மலைக்கு நடுவில்தான் வைக்கிறது. நானும் அப்படித்தான் வைத்தேன். முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். குழந்தை கண்ணால் காண்பதை விட்டு, மனதுக்குத் தெரிந்ததை வரைகிறது என்று பிரெஞ்சுக்காரர் லூக்கே நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம். கோலத்தில் அது பலம். படகில் அது விஷம்.

மீன் இறங்கும் நேரத்தில் கரையில் அலுமினிய அன்னக்கூடைகள் வரிசையாக இருக்கும். ஒன்றின் வாயைப் பாருங்கள். அது வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கண் கூடையின் விளிம்புக்கு ஒரு மீட்டர் உயரத்திலும், கூடையிலிருந்து ஏறக்குறைய 1.7 மீட்டர் தள்ளியும் இருந்தால், பார்வை விழும் கோணம் 30 பாகை. அந்தக் கோணத்தில் கூடையின் வாய் அகலத்தில் சரிபாதி உயரம் மட்டுமே கொண்ட நீள்வட்டமாக விழித்திரையில் விழுகிறது. வரையச் சொல்லுங்கள், பெரும்பாலோர் அதைவிடக் கொழுத்த நீள்வட்டத்தைப் போடுவார்கள், முக்கால்வாசி வட்டம் மாதிரி. 1931-ல் ராபர்ட் தவுலஸ் என்ற உளவியலாளர் சாய்ந்த வட்டத் தட்டை வைத்து இதைச் சோதித்தார். மக்கள் கண்டதாகச் சொன்ன வடிவம் கண்ணில் விழுந்த நீள்வட்டத்துக்கும் உண்மையான வட்டத்துக்கும் இடையில் எங்கோ நின்றது. மூளை சமரசம் பேசியிருக்கிறது.

இது மூளையின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. உங்களை நோக்கி வரும் ஆள் நாலு அடிக்கு ஒருமுறை வளர்ந்துகொண்டே வருவதாகத் தோன்றினால் கடைத்தெருவில் நடமாட முடியுமா? பொருளின் அளவையும் உருவையும் நிலையாக வைத்துக் காட்டுவது மூளை நமக்குச் செய்யும் உபகாரம். வரைகிறவருக்கு மட்டும் அது உபத்திரவம். பலரால் ஏன் பார்த்து வரைய முடிவதில்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1997-ல் கோஹனும் பென்னட்டும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கை சொன்னபடி கேட்காததுதான் காரணமா, எதை விடுவது எதை எடுப்பது என்ற தீர்மானத்தில் தவறா, தாளில் இருப்பதைத் தவறாகப் பார்க்கிறோமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சியது ஒன்று: எதிரே இருக்கும் பொருளையே நாம் தவறாகப் பார்க்கிறோம். ‘எனக்குக் கை வராது’ என்கிறவர்களின் கையில் பெரும்பாலும் கோளாறு இல்லை. அதே கைதான் கையெழுத்துப் போடுகிறது.

மூளையின் சமரசத்தை முறிக்க ஓவியர்கள் கண்டுபிடித்த கருவி மலிவானது. பென்சிலைப் பிடித்துக் கையை முழுக்க நீட்டி, முழங்கையைப் பூட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பென்சில் முனையைக் கூடையின் இடது விளிம்பில் வைத்து, வலது விளிம்பு வரும் இடத்தில் கட்டைவிரலால் அடையாளம் வையுங்கள். அதே அளவை நிமிர்த்திக் கூடை வாயின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். பாதிதான் இருக்கிறது என்பது அப்போது கண்ணுக்கு உறைக்கும். முழங்கை ஏன் பூட்டியிருக்க வேண்டும்? பென்சில் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தாலும் அளவு மாறிவிடும். ஒரு கண் ஏன்? இரண்டு கண்ணாலும் தூரத்தைப் பார்த்தால் பென்சில் இரண்டாகத் தெரியும்.

இனி அடிவானம். கோவளத்துக் கரையில் நின்று வரைகிறவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது, ஏனென்றால் எல்லா இடத்திலும் மறைந்து கிடக்கும் ஒரு கோடு இங்கே ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. அடிவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். நின்றால் நிற்கும், உட்கார்ந்தால் கூடவே உட்காரும். கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தால் நீங்கள் பார்க்கும் நீர்விளிம்பு 4.4 கிலோமீட்டர் தூரத்தில். மணலில் உட்கார்ந்து கண் 75 சென்டிமீட்டருக்கு இறங்கினால் 3 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. இந்த ஒரு விதியை மட்டும் கரையில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ள எவர் சமமான மணலில் பத்து அடி தள்ளி நின்றாலும் இருநூறு அடி தள்ளி நின்றாலும், அடிவானம் அவர் கண் வழியாகத்தான் போகும். கால் மட்டும் தூரத்துக்கேற்ப மேலே ஏறும். உட்கார்ந்து பார்த்தால் நிற்கிற அத்தனை பேரையும் அடிவானம் இடுப்பளவில் அறுக்கும். கூட்டத்தை வரைகிறவர்கள் தலையெல்லாம் ஏற்ற இறக்கமாகப் போட்டுவிட்டு, ஏதோ சரியில்லையே என்று விழிப்பது இந்தக் கோட்டை மறந்ததால். இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435-ல் ஓவியர்களுக்கென எழுதிய நூலில் விளக்கிய தொலைவுக் காட்சியின் அடித்தளமும் இதுவே. அவர் தளக்கற்கள் பதித்த தரையை வைத்து விளக்க வேண்டியிருந்தது. நமக்குக் கடல் இருக்கிறது.

சாய்ந்து நிற்கும் இரண்டு ஃபைபர் படகுகளை வரைவது இன்னும் கடினம். படகை வரையாதீர்கள், இரண்டுக்கும் நடுவே தெரியும் வானத்துண்டை வரையுங்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் அதைப் பற்றி மூளைக்கு முன்தீர்மானமும் கிடையாது. அதைச் சரியாக வரைந்தால் படகின் விளிம்பு தானாக வந்து நிற்கும். குவளையா, இரண்டு முகமா என்று மாறி மாறித் தெரியும் படத்தை 1915-ல் எட்கர் ரூபின் தன் ஆய்வேட்டில் வைத்தபோது உருவும் பின்புலமும் பற்றிய இந்தப் பேச்சு உளவியலுக்குள் வந்தது. வாசலில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. சிக்குக் கோலத்தில் வெள்ளைக் கம்பிக்கு எவ்வளவு கவனமோ, கம்பி அணைத்துக்கொள்ளும் ஈரத் தரைக்கும் அவ்வளவு கவனம்.

படகுக்கு விளிம்பில் கோடு எங்கே இருக்கிறது? தேடினால் இல்லை. ஒரு நிறம் முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது, அவ்வளவே. ஆனாலும் கோட்டை மட்டும் வைத்துப் படகு என்று காட்டினால் மூன்று வயதுக் குழந்தைக்கும் புரிகிறது. 1950-களின் கடைசியில் நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் பூனை மூளையின் பார்வைப் புறணியில் செல்களின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர்கள் காட்டிய பொட்டுகளுக்கு ஒரு செல் அசையவே இல்லை. கண்ணாடிச் சில்லை மாற்றும்போது அதன் ஓரத்தின் நிழல் ஒரு கோடாக நகர்ந்தது. செல் படபடவென்று பொரிந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சாய்வு பிடித்தம். இதற்கு 1981-ல் நோபல் பரிசு. ஓவியரின் கோடு நேரே போய் அந்தச் செல்களின் கதவைத்தான் தட்டுகிறது.

கோட்டை நம்பிப் பிழைத்த ஊர் சென்னை. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்மேட்டை வாங்கி, பாத்திக் துணி விற்ற காசில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும். அந்தத் தலைமுறையின் சென்னை ஓவியர்களிடம் வண்ணத்தைவிடக் கோடு ஒரு படி முன்னால் நிற்கும். அதே கல்லூரியில் படித்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டையொட்டி 1969 வாக்கில் வரைந்த காந்தி வரிசையைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி ஓடாமல், உருவத்துக்குள் புகுந்து புறப்படுகிற கோடுகள். வாசலின் கையும் கரையின் கண்ணும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அப்படி இருக்கும் என்பது என் கட்சி. கலை விமர்சகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக நிலா. பௌர்ணமி அன்று பொழுது சாய்ந்ததும் கோவளத்தில் நிலா கடலிலிருந்து எழும்போது சோற்றுத் தட்டு அளவுக்குத் தெரியும். வரையச் சொன்னால் தாளில் கால்வாசிக்கு வட்டம் போடுவார்கள். பென்சிலை நீட்டிப் பாருங்கள். நிலாவின் அகலம் அரைப் பாகை. 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த பென்சிலில் அது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சாதாரணப் பென்சிலின் தடிமன் 7 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய நிலா ஒரு பென்சிலுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடும். ஆறு மணி நேரம் கழித்து உச்சியில் சின்னதாகத் தெரியும்போதும் அதே அரைப் பாகைதான். ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வருவதாக இருந்தால் ஒரு பென்சிலும் பத்துத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். அழிரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தப்பாகப் போட்ட கோடு தாளில் இருந்தால்தான் சரியான கோடு அதற்கு எவ்வளவு தள்ளி விழ வேண்டும் என்று தெரியும்.